சிரிக்க முடிகிறதா என்று கேட்டார்கள்

ஆற்காட்டு மருமகள்:

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறோம் என்று யாராவது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியதுண்டா? மனசு, மூளை சம்பந்தப்பட்டதாக இருந்தால் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

இரண்டாவது பெண் பிறந்து ஆறாவது வாரம். பச்சை உடம்பு என்று பின்கட்டு அறையில் படுத்துக் கிடந்தேன். தூக்கம் கிடையாது, குழந்தை தூங்கினாலும் கிடையாது. மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் அக்கா தோளில் பையும் கையில் அட்டையுமாக வந்தார். பத்துக் கேள்விகள், போன ஏழு நாளைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்றார். முதல் கேள்வியே, எதையாவது பார்த்துச் சிரிக்க முடிகிறதா என்பதுதான். எப்போதும் போல முடிகிறது, முன்னைப் போல இல்லை, ரொம்பக் குறைந்துவிட்டது, சுத்தமாக முடியவில்லை. இந்த நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சாம்பிராணிக் கரண்டியோடு நிலைப்படியில் வந்து நின்று, "அவளுக்கென்ன, நல்லாத்தானே இருக்கா" என்றார். அந்த அக்கா பெரிய கைகாரி. "வெயில்ல வந்தது தொண்டை கட்டிக்கிச்சு, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமாம்மா?" என்று கேட்டு அத்தையை அடுப்படிக்கு அனுப்பிவிட்டார். தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் மீதி ஒன்பதையும் கேட்டு முடித்தார். கடைசிக் கேள்வி, என்னை நானே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்பது. எப்போதாவது என்றேன். பேனாவை மூடிவிட்டார். "இதை எழுதிக்கிட்டு மட்டும் போக மாட்டேன்மா" என்று சொல்லி, அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தார். மறுநாள் டாக்டரைப் பார்க்க அந்த அக்காவே கூட வந்தார். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒருமுறை பேச வரச் சொன்னார்கள். அத்தையிடம் ரத்தம் கம்மி என்று சொல்லிவைத்தோம். இன்றுவரை அவருக்கு அது ரத்த மாத்திரைதான்.

ரிட்டையர்டு நர்ஸ்:

அந்தப் பத்துக் கேள்விகள், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துப் பெயரில் வந்தவை. தமிழில் கேட்பது லேசு இல்லை. மனச்சோர்வு என்றால் நம் பெண்கள் முழிப்பார்கள். மனசு பாரமா இருக்கா, எதுவும் பிடிக்கலையா என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளை பெற்றபின் புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். யாருக்கு அதிகம் என்றால், வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கள், மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதவர்கள். தன் அப்பா அம்மாவோடு மனத்தாங்கல் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். அதைப் படித்துத்தான் எனக்குச் சுருக்கென்றது. அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று எத்தனை பேரை நானே அனுப்பியிருக்கிறேன்!

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் 2009இல் தாயையும் குழந்தையையும் சேர்த்தே அனுமதிக்கும் பிரிவை ஐந்து படுக்கைகளோடு தொடங்கினார்கள். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தஞ்சாவூர்ப் பெண்:

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அம்மாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபி மாணவி ஒருத்தி (கல்லூரிப் பெயர் வேண்டாம்) தன்னுடைய ஆய்வில் அம்மாவைச் சேர்த்துக்கொண்டாள். கண்ணாடி சிகிச்சை. மேசை மேல் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, விழுந்த கையை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டு, நல்ல கையை அசைக்கச் சொல்வார்கள். கண்ணாடியில் பார்த்தால் விழுந்த கையே அசைவது போலத் தெரியும். கையில் கோளாறு இல்லை, அதை ஆட்டிவைக்கும் மூளைப் பகுதிதான் அடிபட்டிருக்கிறது, பார்க்கப் பார்க்க மூளை வேறு வழி பழகும் என்றாள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுத்த கை இன்னும் வலிக்கிறது என்றவர்களுக்காக 1990களில் கண்ணாடியை வைத்துச் செய்து பார்த்த உத்தியாம். அப்புறம் பக்கவாதத்துக்கும் வந்தது.

முதல் நாள் கண்ணாடியைப் பார்த்ததும் அம்மா, "என் கைடீ" என்று கண் கலங்கிவிட்டார். தினமும் அரை மணி நேரம், நான்கு வாரம். ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டைகளை எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறார் என்று எண்ணினார்கள். முதலில் 2, கடைசியில் 9. எண்ணிக்கொண்டு போய்விட்டார்கள், அப்புறம் யாரும் வரவில்லை.

ராத்திரியில் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வரும் என்பது பின்னால்தான் தெரிந்தது. மனசு விட்டுப்போனால் பயிற்சியும் விட்டுப்போகும். கண்ணாடி இப்போது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. சமைக்க முடியாதவளுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று அம்மா ஒருநாள் கேட்டார். அப்பாவுக்கு வந்திருந்தால் ரெஸ்ட் எடுங்கள் என்றல்லவா சொல்லியிருப்போம்!

பிசியோ மாணவி:

அக்கா, அந்தப் பெண் நான் இல்லை. ஆனால் நானும் அப்படி ஓர் ஆய்வு செய்தவள்தான். என் தலைப்பில் கை மட்டுமே இருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது என்றுகூட விதி வைத்திருந்தோம், கணக்கு குழம்பிவிடுமாம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கண்ணாடியை வெளியே எடுங்கள். மரக்கட்டை எல்லாம் வேண்டாம், புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசாங்கத்தின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தஞ்சாவூர்ப் பெண்:

அம்மாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வெந்நீர் கதைக்கு வாய்விட்டுச் சிரித்தார். மனநல மருத்துவர் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "புளியங்கொட்டை எதுக்கு, மொச்சையைக் கொண்டா. பொறுக்கினா குழம்புக்காவது ஆகும்" என்றார்.