நாளை மறுநாள் பண்ணை வீட்டுச் சாப்பாடு, நான் சைவம், அவசரம்

புதிதாக வந்தவள்: ஜப்பானில் நாகானோ வந்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிறு மதியம் கணவரின் மேலதிகாரி எங்களை மலைக்கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டு உணவகத்துக்கு அழைத்திருக்கிறார். நடுவில் தரையில் பதித்த இரோரி அடுப்பு, அவர்கள் வயலில் விளைந்த காய்கறி என்று படத்தில் பார்த்தேன். நான் சைவம். வரவில்லை என்றால் தப்பாக நினைப்பார்களா? இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

தோயாமா அண்ணன்: 2009இல் நான் வந்தபோது துவரம்பருப்புகூடக் கிடைக்கவில்லை. நான்கு மாதம் தயிரும் சோறும்தான். நீங்கள் குக்கர் கொண்டு வந்தீர்களா? பெருங்காயம்?

மலைப்பிரியன்: பயப்படாதீர்கள். "பெஜிதாரியன்" என்றாலே போதும். மாவில் தோய்த்துப் பொரித்த காட்டுக்கீரை டெம்புரா, சோபா என்ற பக்வீட் நூடுல்ஸ் எல்லாம் தருவார்கள். நான் அப்படித்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சாய்தாமா அக்கா: போதாது தம்பி. சோபா தொட்டுக்கொள்ளும் சாறு, மிசோ (புளித்த சோயா விழுது) சூப், வெந்த காய் எல்லாவற்றிலும் பெரும்பாலும் தாஷி என்ற அடிப்படைச் சாறு இருக்கும். அதில் போடும் கட்சுவோபுஷி, சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைத்தது. நம் மாசிக் கருவாடு மாதிரி. எனக்கு இது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று அழுதுவிட்டேன்.

மலைப்பிரியன்: அவ்வளவு பார்த்தால் இங்கே வாழவே முடியாது அக்கா.

தோயாமா அண்ணன்: இப்போது சோறும் லேசில்லை. 2025இல் 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியதே!

சாய்தாமா அக்கா: அரிசி விலையை அப்புறம் பேசலாம். தங்கச்சி, முட்டை சாப்பிடுவீர்களா? குழந்தை வருகிறதா?

புதிதாக வந்தவள்: முட்டையும் வேண்டாம் அக்கா. மூன்று வயது மகன் வருகிறான். சோபா சாப்பிட்டதில்லை.

சாய்தாமா அக்கா: சரி, முக்கியமானது அவன்தான். சோபா சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பொருள் அது. ஆஸ்பத்திரி தூரமாக உள்ள மலையில் முதல்முறை கொடுக்காதீர்கள். அதே தண்ணீரில் வெந்த வேறு நூடுல்ஸும் வேண்டாம், வெறும் சோறு போதும்.

உங்களுக்காக, இன்று இரவே மேலதிகாரியிடம் சொல்லி, கடைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வரும் ஆட்களை எண்ணித்தான் சமைப்பார்கள். முன்கூட்டியே சொல்வது மரியாதைக்குறைவு இல்லை. வைத்ததைத் தொடாமல் விட்டால்தான் சமைத்தவருக்கு மனசு நோகும். "நிகு, சகனா, தமாகோ, கட்சுவோ நோ தாஷி வா தபேரரெமசென்" (இறைச்சி, மீன், முட்டை, சூரை மீன் தாஷி சாப்பிட முடியாது) என்று எழுதிக்கொடுங்கள். மீனுக்குப் பதில் "கொம்பு" என்ற கடற்பாசியில் தாஷி செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். டெம்புரா மாவில் முட்டை வேண்டாம் என்று சொல்லி, உப்பு தொட்டுச் சாப்பிடுங்கள். அடுப்பில் சுட்ட இவானா மீன் வந்தால் கணவரிடம் தள்ளிவிடுங்கள்.

புதிதாக வந்தவள்: இப்போதே பேசச் சொல்கிறேன் அக்கா. தரையில்தான் உட்கார வேண்டுமா? மாமியாரும் வருகிறார், முழங்கால் வலி.

சாய்தாமா அக்கா: அதையும் அதே போனில் கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் நாற்காலி வைத்திருப்பார்கள். கழற்றி மாட்ட எளிதான செருப்பு போட்டு அழைத்துப் போங்கள், வாசலிலேயே கழற்ற வேண்டும்.