ஹெபடைடிஸ் சி மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து அப்பாவுக்கு சுகர் இறங்கிட்டே வருது, ஏன்?

வெண்மதி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, நைட்டு இன்சுலின்னு ஓடிட்டு இருக்கு. போன மாசம் ஹெபடைடிஸ் சி இருக்குன்னு தெரிஞ்சு சோஃபாஸ்புவிர் வெல்பட்டாஸ்விர் சேர்ந்த மாத்திரை தினம் ஒண்ணு, 12 வாரத்துக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. வெறும் வயித்துல எப்பவும் 170, 180ன்னு நிக்கிற சுகர் இப்ப 100 பக்கத்துல வருது. நேத்து விடியக்காலைல சட்டையெல்லாம் வேர்த்து நனைஞ்சு கை நடுக்கத்தோட என்னை எழுப்பினார், குத்திப் பார்த்தா 62. குளுக்கோஸ் கரைச்சுக் குடுத்து கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுட்டார். சாப்பாடு எப்பவும் போலத்தான். லிவருக்குக் குடுத்த மாத்திரை சுகரை எப்படிங்க இறக்கும்? அதையே நிறுத்திடவான்னு கேக்குறார், எனக்கு பயமா இருக்கு.

நெய்தல்:
மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீங்க, பாதில விட்டா வைரஸ் திரும்பி வரலாம், சில நேரம் மருந்துக்கு மசியாத மாதிரியும் ஆயிடும். 62 வந்ததை மட்டும் இன்னைக்கே சுகர் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.
ஏன் இறங்குதுன்னா, இந்த வைரஸ் லிவர் செல்லுக்குள்ள உக்காந்துக்கிட்டு இன்சுலின் சொல்றதை அந்த செல் கேக்க விடாம பண்ணுது, அதனால லிவர் தேவையில்லாத நேரத்துலயும் சர்க்கரையை ரத்தத்துல விட்டுட்டே இருக்கும். ஹெபடைடிஸ் சி இருக்கிறவங்களுக்கு டைப் 2 சுகர் அதிகமா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். மாத்திரை ஆரம்பிச்ச சில வாரத்துலயே ரத்தத்துல வைரஸ் மளமளன்னு குறைஞ்சிடும், இன்சுலின் மறுபடி வேலை செய்ய ஆரம்பிக்கும், ஆனா அப்பா போடுற டோஸ் பழைய உடம்புக்குக் கணக்குப் போட்டது. அந்த டோஸ் இப்ப அவருக்கு அதிகம். இந்த மருந்துகளோட குறிப்புலயே இது இருக்கு, சுகர் உள்ளவங்களுக்கு முக்கியமா முதல் 3 மாசம் அடிக்கடி செக் பண்ணச் சொல்லியிருக்காங்க. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவங்களுக்கு லோ சுகர் ஆகுறது அபூர்வம், கிளிமிபிரைடும் இன்சுலினும்தான் இழுத்து விடும். நீங்களா குறைக்காதீங்க, ஒரு வாரத்து ரீடிங்கை நேரத்தோட எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க.

பனித்துளி:
நான் லேப்ல வேலை பாக்குறேன், ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். ஹெச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், அந்த ரிசல்ட்டை மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க. சிலருக்கு ரிபாவிரின்னு இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் குடுப்பாங்க, அது சிவப்பணுக்களை உடைக்கும், சிரோசிஸ்ல, அதாவது லிவர் தழும்பாகி இறுகிப் போற நோய்ல, மண்ணீரல் வீங்கினவங்களுக்கும் சிவப்பணு சீக்கிரம் அழியும், அப்போ ஏ1சி நிஜத்தைவிடக் குறைவா காட்டும். விரல்ல குத்திப் பாக்குற ரீடிங்தான் இந்த நேரத்துல கைகொடுக்கும், விடியக்காலை ரீடிங்கையும் விடாதீங்க. இன்னொண்ணு, குத்துற ஊசி, அந்தப் பேனா, மீட்டர் எதையும் வீட்ல வேற யாரும் தொட்டுப் பயன்படுத்த வேண்டாம், இந்த வைரஸ் ரத்தம் வழியாத்தான் பரவுது. ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதாலயோ கட்டிப்பிடிக்கிறதாலயோ வராது, அப்பாவை ஒதுக்கி வைக்காதீங்க.

வெண்மதி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன், கிளிமிபிரைடை நிறுத்திட்டு இன்சுலினையும் குறைச்சிட்டார், லிவர் மாத்திரை அப்படியே போகட்டும்னார். அப்பா இப்ப "அப்போ சுகரே போயிடுமா"ன்னு கேக்குறார், என்ன சொல்ல?

தென்றல்_72:
எனக்கும் இதே ட்ரீட்மென்ட் முடிஞ்சு வைரஸ் போயிடுச்சு மா, அதனால சொல்றேன். அப்பாகிட்ட ஆசை காட்டாதீங்க, ஆனா மனசையும் ஒடிச்சிடாதீங்க. சிலருக்கு இன்சுலினே தேவைப்படாம போகுது, பலருக்கு டோஸ் குறையும், சிலருக்கு பெருசா மாற்றமே இருக்காது. பல வருஷ சுகர்ல கணையம் எவ்வளவு களைச்சிருக்குங்கிறதும் இதுல இருக்கு. எனக்கு நல்லா இறங்கிச்சு, அப்புறம் அசதி போய் பசி எடுத்து நல்லா சாப்பிட்டு வெயிட் போட்டதுல கொஞ்சம் திரும்ப ஏறிச்சு, இப்ப மாத்திரையோட கட்டுக்குள்ள இருக்கு. வைரஸ் போயிடுச்சுன்னு சுகர் செக்கப்பை மட்டும் விட்டுடக் கூடாது.

நெய்தல்:
தென்றல் அண்ணன் சொன்னதுதான் சரி. வெண்மதி, அப்பா வயித்தெரிச்சலுக்கு ஒமிப்ரசோல் மாதிரி ஏதாவது எடுக்கிறாரா, கொலஸ்ட்ரால் மாத்திரை போடுறாரா? முதல்ல சொன்னது வெல்பட்டாஸ்விர் உடம்புல சேர்றதையே குறைச்சிடும், சில கொலஸ்ட்ரால் மாத்திரைகளோட அளவு இதோட சேர்ந்தா ரத்தத்துல ஏறிடும். எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கோர்ஸ் முடிஞ்சு 12 வாரம் கழிச்சு எடுக்கிற வைரஸ் ஆர்என்ஏ டெஸ்ட்தான் குணமாச்சான்னு சொல்லும், வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கினதைப் பாக்குற ஆன்டிபாடி டெஸ்ட் அதுக்கப்புறமும் பாசிட்டிவ்னுதான் காட்டும், அதைப் பார்த்து பதறாதீங்க. சிரோசிஸ் இருக்குன்னு சொல்லியிருந்தா குணமான பிறகும் 6 மாசத்துக்கு ஒருதடவை லிவர் ஸ்கேன் எடுக்கணும்.