மஞ்சக்குப்பம் வீடு (குடும்ப வாட்ஸ்அப் குழு): ஒன்பதாம் நாள் இரவு

காலை 8.10
சித்தப்பா: அண்ணி, நாளைக்கு மாசி மகம். தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்குப் போக வண்டி எடுத்து வரட்டுமா?

கலா: வேண்டாம் சித்தப்பா. அம்மாவுக்கு ரெண்டாவது கீமோ (புற்றுநோய்க்கான ஊசி மருந்து) போட்டு இன்றைக்கு ஒன்பதாவது நாள். கூட்டமே ஆகாது.

சித்தப்பா: நேற்று பார்த்தேனே, நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

பெரியம்மா: அதுதான் ஏமாற்றும் நாள், தம்பி. குமட்டல், அசதியெல்லாம் முதல் நாலைந்து நாள். அப்புறம் ஆள் தெளிவாகத் தெரிவாள், உள்ளே கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். ஏழிலிருந்து பதினாலாம் நாள் வரை அப்படித்தான். 21ஆம் நாள் அடுத்த ஊசிக்குள் பெரும்பாலும் தானாக ஏறிவிடும். இது தெரியாமல் என் கீமோ சமயத்தில் நான் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

சித்தப்பா: சரி. அப்போ பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுக்கலாமே? ஒரு வீடியோ வந்தது, அனுப்புகிறேன்.

கலா: அனுப்பாதீர்கள் சித்தப்பா 🙏 டாக்டரிடம் கேட்டாச்சு. கீமோ முடியும்வரை எந்தக் கஷாயமும் கூடாது, மருந்தோடு மோதும் என்றார்.

அம்மா: என்னைக் கேட்டால் சோறே வேண்டாம். ரசம் வைத்தாள், எவர்சில்வர் டம்ளரை நக்கின மாதிரி இருக்கிறது.

பெரியம்மா: பீங்கான் தட்டு, பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறு. எலுமிச்சை பிழிந்தாலும் அந்த ருசி அடங்கும். வாயில் புண் வந்திருக்கிறதா?

அம்மா: நாக்கு ஓரத்தில் ரெண்டு.

பெரியம்மா: அப்போ எலுமிச்சை வேண்டாம், எரியும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. சாப்பிட்டதும் ஒவ்வொரு தடவையும் கொப்பளித்துத் துப்பு. பல் தேய்க்கக் குழந்தை பிரஷ் வாங்கிக்கொள். சாதத்தைக் குழைய வடித்து, ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு.

பிரபு: இந்தத் தடவையும் சிறுநீர் சிவப்பாகப் போனதா?

கலா: ஒரு நாள். அந்தச் சிவப்பு மருந்தின் நிறம்தான், இரத்தம் இல்லை. முதல் தடவை யாரும் சொல்லாததால் நான் அழுதே விட்டேன்.

இரவு 9.40
கலா: அம்மாவுக்கு உடம்பு சுடுகிறது. 100.8.

சித்தப்பா: ஒரு பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வை. காலையில் பார்ப்போம்.

பெரியம்மா: மாத்திரை கொடுக்காதே கலா!! 100.4 தொட்டாலே நடு ராத்திரியானாலும் கிளம்பணும். மாத்திரை போட்டால் சூடு இறங்கினது போலத் தெரியும், கிருமி உள்ளே பரவிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி அட்டையில் இருக்கும் வார்டு நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே கிளம்பு.

கலா: போன் பண்ணிவிட்டேன். உடனே புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள்.

பெரியம்மா: கீமோ ஃபைலை எடு. அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையே ‘கீமோ, ஒன்பதாவது நாள், காய்ச்சல்’ என்று சொல். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவளுக்கு மாஸ்க் போடு.

சித்தப்பா: நாளைக்காக வண்டிக்கு டீசல் போட்டு வைத்திருந்தேன். வாசலுக்கு வாங்க, பத்து நிமிஷம்.

பிரபு: அரியாங்குப்பம் தாண்டினதும் மெசேஜ் போடு அக்கா.

இரவு 1.15
கலா: இரத்தம் எடுத்தார்கள். நியூட்ரோபில் (அந்த வெள்ளை அணு) 300தான். ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே ஆன்டிபயாடிக் டிரிப்ஸ் போட்டுவிட்டார்கள். தனி அறை. ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், சித்தப்பா கீழே வண்டியில் இருக்கிறார்.

பெரியம்மா: நல்லது. கையைக் கழுவாமல் அவளைத் தொடாதே.

சித்தப்பா: அந்த வீடியோவை அழித்துவிட்டேன்.

காலை 7.50
கலா: 99.2. தூங்கி எழுந்தாள்.

அம்மா: தீர்த்தவாரி வீடியோ யாராவது போடுங்கள். இங்கே கொடுத்த இட்லியும் எவர்சில்வர்தான். பீங்கான் தட்டை ஏன்டி கொண்டு வரலை?