காட்பாடி ரயில் நிலையத்தைச் சுற்றி வீடும் கடையும் கலந்த குடியிருப்பு: மனுவில் எதைக் கேட்பது?

கேள்வி: விருதம்பட்டுவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் நகரமைப்பு அலுவலகத்திற்கு ஒரு மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. காட்பாடி சந்திப்பில் மறுசீரமைப்புப் பணிகள் நடப்பதால், நிலையக் கட்டடம் மட்டும் புதிதாவதில் பயனில்லை, அதிலிருந்து நடந்து சேரும் தொலைவுக்குள் வீடு, கடை, அலுவலகம், விடுதி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, வாகனம் இல்லாதவரும் வசதியாக வாழக்கூடிய ஒரு பகுதி உருவாக வேண்டும் என்று உறுப்பினர்களில் பலர் விரும்புகிறார்கள். மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட கொள்கையும், நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பகுதியை இப்படித் திட்டமிடலாம் என்கிறது.

ஆனால் எங்களுக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. காட்பாடியைச் சுற்றி எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டை (மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவை) உயர்த்தி, உயரமாகக் கட்ட அனுமதி கேட்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். காட்பாடி ஏற்கெனவே மூச்சுத் திணறுவதால் லத்தேரி, திருவலம் போன்ற சிறிய நிலையங்களை ஒட்டிப் புதிய புறநகர்களை அமைப்பதே நல்லது என்கிறார்கள் மற்றவர்கள். இரு சாராருமே அமெரிக்காவில் லைட் ரயில் எனப்படும் இலகு ரக நகர ரயிலின் நிலையங்களைச் சுற்றி எழுந்த புறநகர்களின் படங்களைக் காட்டித்தான் பேசுகிறார்கள். லைட் ரயிலே இல்லாத வேலூருக்கு அந்த முன்மாதிரி எந்த அளவுக்குப் பொருந்தும்? மனுவில் எதை முதன்மையாகக் கேட்க வேண்டும்? அனுபவமும் துறை அறிவும் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: வரைபடம்

வணக்கம் ஐயா. பிறந்தது வேலூர், சென்னையில் நகரமைப்புத் துறையில் பணிபுரிகிறேன். கட்டடத்தின் உயரத்திலிருந்து பேச்சைத் தொடங்கினால் விடை கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்த நிலையத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி நிற்கிறது, இறங்குகிறவர்கள் எந்த வழியாக எங்கே போகிறார்கள் என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

லைட் ரயில் தெருவை ஒட்டி ஓடும்; நிறுத்தங்கள் நெருக்கமாக இருக்கும்; காலை முதல் இரவு வரை குறுகிய இடைவெளியில் வண்டி வந்துகொண்டே இருக்கும். அதனால் நிறுத்தத்தை ஒட்டிய கடைக்கு நாள் முழுவதும் ஆள் வருவார்கள். பெருநகருக்கு வேலைக்குப் போகிறவர்களை நம்பி ஓடும் புறநகர் ரயிலின் இயல்பு வேறு. காலையில் ஒரு திசையில் கூட்டம் போகும், மாலையில் அதே கூட்டம் திரும்பும், நடுப்பகலில் நிலைய வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த இரண்டு வேளை வியாபாரத்தை மட்டும் நம்பி ஒரு கடைத்தெரு பிழைப்பது கடினம்.

லைட் ரயிலிலேயே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு மேற்கே ஹில்ஸ்போரோவில் ஒரென்கோ ஸ்டேஷன் என்ற புறநகர் உண்டு. அங்கே லைட் ரயில் 1998-இல் வந்தது. கீழே கடை, மேலே வீடு என்று அமைந்த அதன் கடைவீதியை நிலைய வாசலில் அமைக்காமல், சற்று நடந்து சேரும் தொலைவில், கார்கள் மிகுதியாகச் செல்லும் கார்னெல் சாலையை ஒட்டி அமைத்தார்கள். ரயிலில் இறங்குகிறவர்களை மட்டும் வைத்துக் கடைகள் நிற்க முடியாது என்பதே காரணம். படங்களில் அந்தக் கடைவீதி தெரியும். அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாது.

நம் மாநிலத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. சென்னைப் பறக்கும் ரயில் 1997-இல் மயிலாப்பூர் வரை வந்தது. வணிகத்துக்கும் பயன்படட்டும் என்று நிலையங்களை மிகப் பெரியதாகக் கட்டினார்கள். அந்தத் தளங்களில் பெரும்பகுதி பல ஆண்டுகள் காலியாகவே கிடந்து, இரவில் பெண்கள் தனியாகப் படியேற அஞ்சும் நிலை ஏற்பட்டது. அங்கே கட்டடப் பரப்புக்குக் குறைவில்லை. தெருவோடு சேர்ந்த வாசலும் சுற்றுப்புறத்தோடு இணைப்பும்தான் இல்லாமல் போயின. மறுபுறம் மாம்பலத்தைப் பாருங்கள். 1920-களில் தியாகராய நகர் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. தாம்பரம் வழித்தடத்தில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்தைவிட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. கடைகளுக்கு மேலேயும் பின்னாலேயும் வீடுகள். அதன் நெரிசலை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அடிக்கடி வரும் வண்டி, தெருவில் திறக்கும் வாசல், ஒட்டி வாழும் மக்கள் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருக்கின்றன.

இந்தக் கணக்கில் காட்பாடி தனி ரகம். அது புறநகர் நிலையம் அன்று; தொலைதூர வண்டிகள் இரவும் பகலும் நிற்கும் சந்திப்பு. ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் பெங்களூரு செல்லும் வண்டிகளில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் குடும்பங்கள், வி.ஐ.டி. மாணவர்கள், சித்தூர் பக்கம் மாறிச் செல்கிறவர்கள், சென்னைக்குத் தினமும் போய்வருகிறவர்கள் என எல்லா நேரத்திலும் ஆள் நடமாட்டம் உண்டு. பிற ஊர்களின் புறநகர் நிலையங்கள் ஏங்கும் நாள் முழுவதற்குமான கூட்டம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கூட்டம் நிலையத்தைச் சுற்றிக் கால் ஊன்றாமல், வாசலிலேயே ஆட்டோ ஏறிப் பாலாற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. மனு எழுதுவதானால் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

பதில் 2: சீசன் டிக்கெட்

வரைபடம் ஐயா கடைசியாகச் சொன்னதை நான் அன்றாடம் பார்க்கிறேன். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை, காட்பாடியிலிருந்து போய்வருகிறேன். சென்னை சுமார் 130 கிலோமீட்டர். சீசன் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு 150 கிலோமீட்டர் என்பதால் எங்களால் இப்படி வாழ முடிகிறது. என்னைப் போன்றவர்களுக்குக் காட்பாடியே வீடு, சென்னையே அலுவலகம். நிலையத்துக்கு அருகில் வாடகைக்கு வீடு கிடைத்தால் முதல் ஆளாகப் போய்ச் சேருவேன்.

மாலையில் சென்னையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் நின்றதும் நடைமேம்பாலத்தை நோக்கி ஒரே ஓட்டம். அவசரம் வீட்டுக்குப் போவதற்காக மட்டுமல்ல. பைக் ஸ்டாண்டில் முதலில் போய்ச் சேருகிறவர் வண்டியை எடுத்துவிடலாம், பின்னால் போனால் முன்னால் நிற்கும் வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திய பிறகே நம் வண்டி வெளியே வரும். வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் "சி.எம்.சி., சி.எம்.சி." என்று கூவிக்கொண்டிருப்பார்கள், பாகாயம் டவுன் பஸ்ஸுக்குச் சாலையில் நிற்க வேண்டும். கைக்குழந்தையோடும் மருத்துவக் கோப்புகளோடும் வந்திறங்கும் வடநாட்டுக் குடும்பம் பெட்டிகளை இறக்கி வைக்கக்கூட நடைபாதை இல்லாமல் வண்டிகளுக்கு நடுவில் நிற்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அறுநூறு மீட்டர் தள்ளி வீடு இருந்தாலும் அந்த இருட்டில் சாலையோரமாக நடக்க முடியாது என்பதால்தான் நடக்கும் தொலைவில் உள்ளவர்களும் வண்டி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே எஃப்.எஸ்.ஐ. பற்றிய பேச்சுக்கு முன்னால் விளக்கும் நடைபாதையும் கேளுங்கள் அண்ணா. தண்டவாளத்தின் இரு பக்கமும் வாசல் வேண்டும். இரவு எந்த நேரத்தில் இறங்கினாலும் மருந்துக்கடை, பால், இட்லி மாவு வாங்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போகும்படி கடைகள் வழியிலேயே திறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி அந்த வட்டத்துக்குள் இருந்தால் எத்தனையோ பேர் சென்னையில் அறை எடுக்காமல் இங்கேயே தங்குவார்கள்.

பதில் 3: பொன்னைக்கரை

நான் திருவலம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். சிறிய நிலையங்களை ஒட்டிப் புறநகர் அமைக்கலாம் என்ற கருத்தின் பின்னுள்ள நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் அதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையே 1856-இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. இத்தனை காலமாகப் பாதை இருந்தும் அந்த நிலையத்தைச் சுற்றி வாலாஜாவோ ராணிப்பேட்டையோ வந்து சேர்ந்துகொள்ளவில்லை. ஊர்கள் தள்ளியே வளர்ந்தன. சோளிங்கர் என்று பெயர்ப்பலகை தாங்கிய நிலையம் பாணாவரத்தில் இருக்கிறது. மலைக்கோயிலுக்கு வரும் பக்தர்கள் அங்கிறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். பாதை இருப்பதால் மட்டும் ஊர் எழும்பிவிடாது. நிற்கும் வண்டிகள் போதுமானவையாக இருக்க வேண்டும், வேலையிடம் அருகில் இருக்க வேண்டும். அரக்கோணம் வரை சென்னை மின்சார ரயில்கள் அடிக்கடி வருகின்றன. அதைத் தாண்டி மேற்கே வந்தால் சிறு நிலையங்களில் நிற்கும் வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலையில் லத்தேரியிலும் திருவலத்திலும் குடியிருப்பு அமைத்தால், "நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்ற விளம்பரத்தோடு மனைகள் விற்றுப்போகும்; வாங்கியவர்கள் எல்லோரும் பைக்கில்தான் போவார்கள். அப்போது அது சாலையை நம்பிய லேஅவுட்டே தவிர வேறில்லை.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசாததும் வருத்தமாக இருக்கிறது. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் ராணிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் கெட்டதை எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. வேலூர் மாநகரமே காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்நோக்குகிறது. ஏரிப் பாசன நிலங்களை மனையாக்கினால் வாய்க்கால் அடைபடும். 2021 வெள்ளத்தில் பாலாறும் பொன்னையாறும் கரைபுரண்டதையும், அந்த ஆண்டு இறுதியில் எங்கள் ஊர் ரயில் பாலத்தின் தூண் பாதிக்கப்பட்டு வண்டிகள் நின்றதையும் இவ்வளவு விரைவில் மறந்துவிட்டோமா? ஏற்கெனவே குழாயும் சாலையும் உள்ள காட்பாடியில் நெருக்கமாகக் கட்டுவது, எங்கள் ஏரிக்கரைகளைக் கூறுபோடுவதைவிட எவ்வளவோ மேல்.

பதில் 4: கடைக்காரர்

காட்பாடியில் வாடகைக் கடை நடத்துகிறேன். எல்லோரும் சொல்வது சரியே. ஆனால் நிலையத்தைச் சுற்றி உயரமாகக் கட்ட அனுமதி வந்த அன்றே எங்கள் கட்டட உரிமையாளர்கள் எங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். புதிய கட்டடத்தின் தரைத்தளம் முழுவதையும் ஒரே பெரிய துணிக்கடைக்கோ வங்கிக்கோ கொடுத்துவிட்டால், சீசன் டிக்கெட் அம்மா கேட்கும் இட்லி மாவும் பாலும் அங்கே கிடைக்காது. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள சந்துகளில் நோயாளிகள் அறை எடுத்துத் தாங்களே சமைத்துச் சாப்பிட முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு லாட்ஜின் கீழும் காய்கறிக்கடை, பாத்திரம் வாடகைக்குக் கொடுப்பவர், மருந்துக்கடை என்று சிறு சிறு கடைகள் இருப்பதுதான். பத்துக்குப் பத்து அளவிலான கடைகளை விதியிலேயே கட்டாயமாக்கச் சொல்லுங்கள். பழைய வாடகைதாரருக்கு முதல் உரிமை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விருதம்பட்டுவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. திருவலம் ஐயாவின் வாதத்துக்குப் பிறகு சிறிய நிலையங்களைப் பற்றிய பத்தியை இப்போதைக்கு வைக்க வேண்டாம் என்றே தோன்றுகிறது. வரைபடம் ஐயாவிடம் ஒரு கேள்வி: இந்தக் கோரிக்கைகளை எல்லாம் ஒரே மனுவில் ஒரே அலுவலகத்திடம் கேட்க முடியுமா? கார் நிறுத்துமிடம் பற்றியும் உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

பதில் 5: வரைபடம்

முடியாது ஐயா. வளாகச் சுவருக்கு உள்ளே ரயில்வே. வெளியே பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறையிடம். தெருவிளக்கும் வடிகாலும் மாநகராட்சியிடம். நிலப் பயன்பாடும் தளப்பரப்பும் நகரமைப்பு அலுவலகத்திடம். நிலையப் படிக்கட்டிலிருந்து வீட்டு வாசல் வரை ஒருவர் நடக்கும் பாதை இந்த நால்வரின் எல்லையையும் கடக்கிறது. யார் கணக்கிலும் முழுதாக வராததால் யாரும் அதைக் கட்டுவதில்லை. எனவே மாவட்ட ஆட்சியரின் பெயருக்கு ஒரே மனு எழுதி, நால்வருக்கும் நகல் அனுப்பி, கூட்டு ஆய்வுக்கு ஒரு நாள் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரு பக்க வாசலும் அவற்றிலிருந்து கிளம்பும் நடைபாதையுமே முதல் கோரிக்கையாக இருக்கட்டும். மறுசீரமைப்பு வேலை நடக்கும்போதே கேட்டால்தான் வாசல் கிடைக்கும். முடிந்த பிறகு சுவரை இடிக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

கூடுதல் தளப்பரப்பை நிபந்தனையோடு கேளுங்கள். சிறிய வாடகை வீடுகள், பெண்கள் விடுதி, நோயாளிக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கும் சமையலறையோடு கூடிய அறைகள், கடைக்காரர் சொன்ன அளவில் தரைத்தளக் கடைகள் ஆகியவற்றைத் தருகிறவருக்கு மட்டுமே அந்தக் கூடுதல் பரப்பு கிடைக்க வேண்டும். நிபந்தனையில்லாமல் கொடுத்தால் நிலத்தின் விலை ஏறுமே ஒழிய வேறெதுவும் நடக்காது. எல்லா இடத்திலும் ஒரே உயரமும் வேண்டாம். வாஷிங்டனுக்கு அருகில் ஆர்லிங்டனில் 1979-இல் மெட்ரோ பால்ஸ்டன் வரை வந்தபோது, நிலையங்களை ஒட்டி மட்டும் உயரமாகக் கட்ட அனுமதித்து, சில தெருக்கள் தள்ளியிருந்த தனி வீடுகளை அப்படியே காத்தார்கள். காந்தி நகர் போன்ற பழைய குடியிருப்புகளில் இருப்பவர்களின் அச்சத்தைத் தணிக்க அந்த ஏற்பாடு உதவும்.

வாகன நிறுத்துமிடத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் பிடிக்காமல் போகலாம். நிலையத்தை ஒட்டிய முதல் இருநூறு மீட்டர் நிலம்தான் நடந்து வருகிறவருக்கு மிக மதிப்புள்ளது. அதைக் கார் நிறுத்தக் கொடுப்பது பெரும் இழப்பு. பைக் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும், ஆனால் அடுக்குத் தளமாக, பக்கவாட்டில். அந்த வட்டத்துக்குள் கட்டப்படும் சிறிய வீடுகளுக்குக் கார் நிறுத்துமிடக் கட்டாயத்தைத் தளர்த்தவும் கேளுங்கள். கார் இல்லாத குடும்பம் காருக்கான இடத்துக்கும் சேர்த்து வாடகை கொடுப்பது நியாயமில்லை.

சிறிய நிலையங்களைப் பற்றிய பத்தியை அடியோடு நீக்க வேண்டாம். அதைத் தனி மனுவாக்கி, வீடுகளுக்குப் பதிலாக வண்டிகளைக் கேளுங்கள். கடற்கரையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை வந்த மெமு எனும் மின்சாரப் பயணிகள் ரயிலை 2024-இல் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். அதைப் போன்ற வண்டிகள் அரக்கோணம், காட்பாடி, கன்டோன்மென்ட் இடையே பகல் முழுவதும் ஓடும் நிலை வந்தால், திருவலம் ஐயாவும் நாமும் ஏரிகளையும் வாய்க்கால்களையும் முதலில் குறித்துக்கொண்டு, மிஞ்சும் நிலத்தைப் பற்றி அப்போது பேசலாம். மனுவின் வரைவை இங்கே பதிவிடுங்கள்; 800 மீட்டர் வட்டத்தை வரைபடத்தில் குறித்துத் தருகிறேன்.