நேரா பாத்தா சூப்பர், சைடுல பாத்தா தோசை: க்ளே சிலைல என்ன தப்பு?

மண்குதிரை:
பைன் ஆர்ட்ஸ் ஃபர்ஸ்ட் இயர். இடுப்புல குடம் வச்ச ஒரு பொம்பளை, ஒன்றரை அடி உயரம், க்ளேல பண்ணேன், நேரா பாத்தா நல்லாத்தான் இருக்கு, திருப்பினா தோசைக்கு மூக்கு வச்ச மாதிரி இருக்கு. சார் பாத்துட்டு "மாஸும் இல்ல ஸ்பேஸும் இல்ல"ன்னுட்டு போய்ட்டார் (மாஸ்னா உருவத்தோட கனமான திரட்சி, ஸ்பேஸ்னா நடுவுல விடற வெற்றிடம்). லைன், ஃபார்ம், டெக்ஸ்சர், பேலன்ஸ்னு லிஸ்ட் மனப்பாடமா சொல்வேன், கைக்குத்தான் வரல. நேத்து நைட் குடத்துப் பக்கமா சாஞ்சு விழுந்தும் போச்சு 😭

உளிச்சத்தம்:
ஒரே ஒரு போட்டோ பாத்து பண்ணியா? அப்ப வந்தது புடைப்புச் சிற்பம்தான், அதாவது சுவத்துல ஒட்டின மாதிரி முன்பக்கம் மட்டும் பாக்கறது, சிலை இல்ல. கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா கால்வாசி திருப்பி வச்சு வேலை பாரு. பின்னாடி லைட்ட போட்டு அவுட்லைன் மட்டும் பாரு, எந்தப் பக்கம் செத்துக் கிடக்குன்னு உடனே தெரியும்.

பீச்காத்து:
சென்னைன்னா மெரினா உழைப்பாளர் சிலைய போய்ப் பாருங்க, தேவி பிரசாத் ராய் சௌத்ரி பண்ணது, 1959. பஸ்ல போறப்ப பாத்தது கணக்குல வராது, இறங்கி சுத்தி வாங்க. அவங்க தள்ளற பாறைதான் மாஸ். நாலு பேர் உடம்பும் சாய்ஞ்சு தள்ளுது பாருங்க, அந்த சாய்வுலதான் மூவ்மென்ட் இருக்கு. கை காலுக்கு நடுவுல வானம் தெரியுதுல்ல, அதான் ஸ்பேஸ், அந்த ஓட்டையும் டிசைன்தான், நீங்க நகர நகர அதோட ஷேப் மாறிட்டே இருக்கும்.

ஒடியோலை:
அளவும் பாருங்க தம்பி. சுவாமிமலைல சிலை செய்யற ஸ்தபதிங்க தென்னை ஓலைய உருவத்தோட உயரத்துக்கு நறுக்கி, மடிச்சு மடிச்சு அளவு குறிச்சுக்குவாங்க. என் பேரே அதான் 😄 முகத்தோட நீளத்த வச்சுத்தான் மத்த கணக்கெல்லாம்.

விழுந்ததுக்கு காரணம் வேற. இடுப்புல குடம் வச்சவங்க நேரா நிப்பாங்களா? தெருப் பைப்புல போய் பாருங்க, இடுப்பு குடத்துப் பக்கம் தள்ளும், தோள் எதிர்ப்பக்கம் சாயும், காலியா இருக்கற கை தானா வெளிய விரியும். கழுத்துக்குழிலேந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க, ரெண்டு பாதத்துக்கும் வெளிய போச்சுன்னா விழத்தான் செய்யும். உள்ள கம்பி கட்டினீங்களா?

மண்குதிரை:
கட்டல அண்ணா 🙈 விழக்கூடாதுன்னு காலி கைக்கும் இடுப்புக்கும் நடுவுல மண்ண அடைச்சு ஒட்டி வச்சிருந்தேன், சார் சொன்ன ஸ்பேஸ் அங்கதான் போயிருக்கு. கம்பி எத்தனை கேஜ் (தடிமன் நம்பர்) வாங்கணும்?

உளிச்சத்தம்:
ஒன்றரை அடிக்கு அலுமினியக் கம்பிய ரெண்டா முறுக்கிக்கோ, கேஜ் பாக்காத, கையால வளைக்க முடியணும், மண்ணு ஏத்தினா தொங்கக் கூடாது. பலகைல ஸ்க்ரூ போட்டு இறுக்கிடு.