பழைய டாடா 207 டீசல் பிக்கப்புக்கு டர்போ: பிஸ்டனை மாத்தணுமா, வேணாமா?

தக்காளி வண்டி (பாலக்கோடு): நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார், "பழைய பிக்கப்புக்கு டர்போ போட்டா பிஸ்டனை மாத்தியே ஆகணும், இல்லன்னா பத்தே நாள்ல இன்ஜின் காலி"ன்னு. படிச்சதுல இருந்து கடுப்பு. என் 207க்கு பெங்களூர் ஜே.சி. ரோட்ல பழைய டர்போ (காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற சாமான்) வாங்கி தை மாசம் மாட்டினேன். பிஸ்டனைத் தொடவே இல்ல. ஒன்றரை டன் தக்காளியோட தொப்பூர்ல மூணாவது கியர்ல ஏறுது.

தம்மாம் ரிட்டர்ன்: அந்த ஒருத்தர் நான்தான். பேர் சொல்லக்கூட தைரியம் இல்லயா? பதினாலு வருஷம் சவுதில ஹைலக்ஸ் கழட்டி மாட்டினவன் நான். 1986ல டொயோட்டாக்காரனே அமெரிக்காவுக்கு டர்போ வச்சு ஹைலக்ஸ் விட்டான், 22ஆர்டிஇ இன்ஜின். அதுக்குன்னே கம்ப்ரஷனை (பிஸ்டன் காத்தை எத்தனை மடங்கு அழுத்துதுங்கறது) 7.5க்கு இறக்கினான். டொயோட்டா முட்டாளா, நீ புத்திசாலியா?

டீசல் மண்டை: அண்ணே, அது பெட்ரோல் வண்டி. பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ள போகுது, அழுத்தம் ஏறினா முன்னாடியே வெடிச்சு நாக்கிங் வரும். அதான் இறக்கினான். டீசல் அந்த அழுத்தத்தோட சூட்டுலதான் எரியுது. 7.5 வச்சீங்கன்னா காலைல வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஊரே சேர்ந்து தள்ளணும்.

தம்மாம் ரிட்டர்ன்: இன்ஜெக்‌ஷன்னா இன்ஜெக்‌ஷன்தான், பெட்ரோலோ டீசலோ பீய்ச்சி விடறதுதானே. 7.5. படிச்சுட்டு பேசுங்க தம்பி.

ஊத்தங்கரை பையன்: ஒரு டவுட்டுங்க. பாலக்கோட்ல தக்காளி ஏத்தி சேலம் போனா தொப்பூர் இறக்கம் ஆச்சே? அதுல நியூட்ரல்ல விட்டாக்கூட வண்டி பறக்கும், டர்போ எதுக்கு? 😄

தக்காளி வண்டி: திரும்பி வரும்போது தவிடு மூட்டை ஏத்திட்டு வர்றேன்டா. அப்ப ஏத்தம்தான்.

தம்மாம் ரிட்டர்ன்: பாத்தீங்களா? முதல்ல தக்காளி, இப்ப தவிடு. சரக்கே மாறுது, இவர் பிஸ்டன் கதையை நம்பணுமாம். வாயாலயே வடை சுடறது இதான்.

தக்காளி வண்டி: வடையா? போன வருஷம் நீங்க கைகாட்டின பட்டறைல இன்ஜின் ஹெட் இறக்கினேன், மூணே வாரத்துல கேஸ்கெட் போச்சு. அப்ப எங்க போச்சு உங்க சவுதி அனுபவம்? போன் பண்ணா எடுத்தீங்களா?

தம்மாம் ரிட்டர்ன்: தண்ணி இல்லாம ஓட்டினா கேஸ்கெட் என்ன பண்ணும்? அன்னைக்கு நான் கல்யாணத்துல இருந்தேன். சப்ஜெக்டுக்கு வா. 7.5.

டீசல் மண்டை: பிஸ்டனை விடுங்க. பம்ப்புல டீசல் அளவைக் கூட்டினீங்களா? காத்தை மட்டும் கூட்டினா புகை குறையும், இழுவை பெருசா ஏறாது. கண்ணை மூடிட்டு டீசலைக் கூட்டினா பிஸ்டன் தலையே உருகிடும். டர்போவுல இருந்து ஆயில் திரும்புற குழாயும் சரிவா நேரா சம்ப்புக்கு (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) இறங்கணும். ஏத்தம் முடிஞ்சதும் பட்டுனு ஆஃப் பண்ணா பேரிங்ல ஆயில் கருகிடும். பேச வேண்டியது இதை.

தக்காளி வண்டி: பம்ப் ஸ்க்ரூவை கால் சுத்து கூட்டியிருக்கு. கருப்புப் புகை இல்ல.

ஊத்தங்கரை பையன்: எஃப்சிக்கு (வண்டி தகுதிச் சான்று) போறப்ப என்ன பண்ணுவீங்க? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சி புக்ல இருக்கறத இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு...

தம்மாம் ரிட்டர்ன்: வக்கீல் வந்துட்டார். தம்பி, உன்கிட்ட வண்டி இருக்கா?

ஊத்தங்கரை பையன்: ஸ்ப்ளெண்டர் இருக்குங்க.

தம்மாம் ரிட்டர்ன்: அதுக்கு டர்போ வை, அப்புறம் வா. மத்தவங்களுக்கு கடைசியா ஒரு தடவை: டொயோட்டாவே இறக்கினான், 7.5.

டீசல் மண்டை: இது ஆறாவது கடைசி தடவை.

தக்காளி வண்டி: ஞாயித்துக்கிழமை ராயக்கோட்டை மண்டிக்கு வாங்க. பானெட்டைத் திறந்து வைக்கிறேன், நீங்களே ஏறி ஓட்டிப் பாருங்க.

தம்மாம் ரிட்டர்ன்: நான் ஏன் அங்க வரணும்? வேலை உனக்கா எனக்கா? காவேரிப்பட்டினம் வா. இன்ஜின் வழில நிக்காம வந்து சேர்ந்துச்சுன்னா மிச்சத்தைப் பேசுவோம்.