ஐந்து நிமிடம் தாண்டினால் பொம்மி என்னைப் பார்ப்பதே இல்லை, எங்கே தப்பு?

பொம்மி வீடு
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பொம்மி பாமரேனியன், ஒன்பது மாதம், எடை 4 கிலோ. மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு பால்கனியில் அரை மணி நேரம் 'உட்கார்', 'இரு', 'வா' மூன்றையும் பழக்குகிறேன். முதல் நாலைந்து நிமிடம் அழகாகச் செய்கிறாள். அப்புறம் கீழே ஸ்கூட்டர், எதிர்வீட்டு சன்ஷேடில் காக்கா, பக்கத்து வீட்டு குக்கர் விசில், எது வந்தாலும் தலை அந்தப் பக்கம் போய்விடுகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூட அசைவதில்லை. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் பாதி மேரி பிஸ்கட் தருகிறேன். கொஞ்ச நேரத்தில் அதையும் வாயில் வாங்கிக் கீழே போட்டுவிடுகிறாள். சின்ன நாய்க்கு அவ்வளவுதான் புத்தி என்கிறார் வீட்டுக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ராஜபாளையத்தான்
தங்கச்சி, நாய்க்குப் புத்தி நிறையவே இருக்கிறது, பழக்கும் விதத்தில்தான் கோளாறு. எங்கள் வீட்டில் இருபது வருடமாக நாய் உண்டு, இரண்டு ராஜபாளையம், ஒரு கன்னி, எல்லாம் நம் ஊர் வேட்டை நாய் இனங்கள். ஒன்றுக்கும் பிஸ்கட் காட்டிப் பழக்கியதில்லை. பிஸ்கட்டுக்கு உட்காரும் நாய் பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, கையை. கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி, தலை திரும்பும் நொடியில் ஒரு சுண்டு சுண்டுங்கள், குரல் அழுத்தமாக ஒரே மாதிரி இருக்கட்டும், சொன்னதைச் செய்யும்வரை விடாதீர்கள். பாதியில் விட்டால் நாளைக்கு இன்னும் சீக்கிரமே நழுவும். பெரிய நாய் ஆள்மேல் தாவினால் அதட்டுகிறோம், குட்டி நாய் தாவினால் தூக்கிக் கொஞ்சுகிறோம், கெடுவது அங்கேதான்.

வேப்பமரத்தடி
அண்ணா, கயிற்றைச் சுண்டுவது இந்த நாய்க்கு வேண்டவே வேண்டாம். பாமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற குட்டி இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகிவிடும் நோய் அதிகம் வருகிறது. வந்தால் வாத்து கத்துகிற மாதிரி வறட்டு இருமல், கழுத்தில் இழுபட்டால் இன்னும் மோசம். மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ்தான் போடவேண்டும், இதில் பேரமே கிடையாது.

பொம்மி அம்மா, உங்கள் விஷயத்தில் முதலில் பிஸ்கட் கணக்கைப் பாருங்கள். 4 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 300 கலோரி போதும். ஒரு மேரி பிஸ்கட்டே 25 கலோரிக்குக் கிட்டத்தட்ட வரும். பத்து தடவை உட்கார்ந்தால் ஐந்து பிஸ்கட், அதாவது நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதுவும் ஐந்தே நிமிடத்தில்! வாயில் வாங்கிக் கீழே போடுகிறாள் என்றால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகு நீங்கள் கொடுப்பது அவளுக்குக் கூலியே இல்லை. தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 18 கிராம் எடுத்தால் 30 கலோரி. அதை நார் நாராகப் பிய்த்து, பாசிப்பயறு அளவுக்குக் கிள்ளி வையுங்கள், நூறு துணுக்குக்கு மேலேயே தேறும். நக்கி விழுங்கியதும் நிமிர்ந்து உங்களைத்தான் பார்ப்பாள், மென்றுகொண்டு கீழே உதிர்ந்த தூளைத் தேடமாட்டாள். நேரமும் மூன்று நிமிடம் போதும். அவள் முடிக்குமுன் நீங்கள் முடியுங்கள்.

ராஜபாளையத்தான்
கழுத்து விஷயம் எனக்குத் தெரியாது, எங்கள் நாய்கள் எல்லாம் இருபது கிலோவுக்கு மேல். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஹார்னஸே போடட்டும். ஆனால் கோழி விஷயத்தில் நான் இறங்கிவரமாட்டேன். கேட் திறந்து கிடக்கிறது, தெருவில் தண்ணி லாரி வருகிறது, உங்கள் கையில் கோழி இல்லை, அப்போது அந்த நாய் எதற்காகத் திரும்பும்? குரலுக்குத் திரும்பப் பழகாத நாய் ஒரு நாள் அடிபடும், என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அதட்டல் என்றால் அடி என்று நினைக்காதீர்கள்.

வேப்பமரத்தடி
லாரி கேள்வி நியாயமானது. அதற்காகத்தான் கோழி கையில் இருக்கக்கூடாது, இடுப்புப் பையிலும் கூடாது. அலமாரிமேல் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வெறுங்கையோடு 'உட்கார்' சொல்லுங்கள், பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியில் 'சபாஷ்' என்று ஒரே சொல், அப்புறம் போய் எடுத்து வந்து கொடுங்கள். 'சபாஷ்' என்றால் கோழி வரும் என்பது பதிந்துவிட்டால் நாலு எட்டு நடந்து எடுத்து வந்தாலும் கெடாது. நன்றாகப் பதிந்த பிறகு சில முறை தாருங்கள், சில முறை வெறும் தடவல். எப்போது வரும் என்று தெரியாததால்தான் அது உங்கள் முகத்தையே கவனிக்கும்.

அதட்டல் பற்றி: வியன்னாவில் 1276 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2010ல் ஒரு ஆய்வு வந்தது. அடிக்கடி தண்டனை பெறும் நாய்களிடம் முரட்டுத்தனமும் பரபரப்பும் கூடுதலாக இருந்தன, சின்ன நாய்களில் அந்தத் தொடர்பு இன்னும் அழுத்தம், அவற்றிடம் பயமும் பதற்றமும் சேர்ந்தே இருந்தன. பயந்த நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், மூக்கை நக்கும், கொட்டாவி விடும். நாம் அதைக் கவனக்குறைவு என்று நினைத்து மறுபடி அதட்டுகிறோம்.

ராஜபாளையத்தான்
அந்த வியன்னா ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பெரிய நாய்க்காரர்களைவிட நிலையில்லாமல் நடந்துகொள்கிறார்கள், நாயோடு விளையாடுவதும் பழக்குவதும் குறைவு என்றும் அதில்தான் இருக்கிறது. நான் முதலில் சொன்னதும் அதுதானே!

வேப்பமரத்தடி
ஆமாம் அண்ணா, அது உண்மைதான். வீட்டில் ஒருவர் 'வா', இன்னொருவர் 'இங்க வாடி செல்லம்', மூன்றாமவர் 'கம் கம்' என்றால் எந்த நாய்க்கும் புரியாது. ஆனால் நிலையாக இருப்பது வேறு, கடுமையாக இருப்பது வேறு.

கோவை டச்ஷண்ட்
இரண்டு பேரும் நாயை மட்டும் பார்க்கிறீர்கள், இடத்தை யாரும் பார்க்கவில்லை. தயவுசெய்து ஒரு தடவை பால்கனித் தரையில் படுத்து அவள் கண் மட்டத்தில் பாருங்கள். எனக்கு இது நீள உடம்பும் குட்டைக் காலும் கொண்ட என் டச்ஷண்ட் நாயோடு படுத்தபோதுதான் புரிந்தது: என் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, கிரில் கம்பி வழியாகத் தெரு முழுவதும் தெரிந்தது. ஒரு முழ உயரம்கூட இல்லாத நாய்க்கு நின்றுகொண்டிருக்கும் ஆளின் முகம் வெகு தூரம், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தால் பார்வையைக் கீழே இறக்கத்தான் செய்யும். அதனால் தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். வழவழ டைல்ஸில் பின்கால் வழுக்கினால் உட்காரவே தயங்கும், ஒரு கோரைப்பாய் போடுங்கள். பால்கனியை விட்டு உள் அறைக்குப் போங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், அங்கே சரளமாக வந்த பிறகு ஹால், அப்புறம் பால்கனி, கடைசியாகத் தெரு.

இன்னொன்று, காக்காவோடு போட்டி போடாதீர்கள், காக்காவையே கூலியாகக் கொடுங்கள். என் டச்ஷண்ட் திரும்பி என்னைப் பார்த்தால் 'போ' என்று விட்டுவிடுவேன், போய் முகரலாம், குரைக்கலாம், எதுவும் செய்யலாம். வளைக்குள் நுழைந்து விலங்கைப் பிடிக்க உருவாக்கிய இனம் அது, அதன் மூக்கை நான் எந்தக் கோழியாலும் ஜெயிக்க முடியாது. அப்புறம் தினமும் பழக்கியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்து 2011ல் செய்த சோதனையில், வாரம் ஒன்றிரண்டு தடவை பழகியவை தினமும் பழகியவற்றைவிடக் குறைந்த அமர்வுகளில் கற்றுக்கொண்டன.

வேப்பமரத்தடி
தரையில் உட்காருவதும் உள் அறையும் அருமை, நான் விட்டுவிட்டேன். ஆனால் அந்த பீகிள்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை. தினம் பத்து தடவை வாசல்மணி அடிக்கும் வீட்டில் வாரம் இரண்டு நாள் மட்டும் பழக்கினால் மீதி ஐந்து நாளும் குரைக்கத்தான் பழகும். குறைவாக, ஆனால் தினமும் என்பதே என் கட்சி.

பொம்மி வீடு
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பிஸ்கட்டை நிறுத்திவிட்டோம். ஜன்னல் சாத்திய படுக்கையறையில் பாய் போட்டு, நானும் தரையில், காலை மூன்று நிமிடம், சாயங்காலம் அவள் சாப்பாட்டுக்கு முன் மூன்று நிமிடம். கோழி டப்பா பீரோமேல். முதல் இரண்டு நாள் பீரோவையே பார்த்தாள், ராஜபாளையத்து அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் பீரோவைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி பீரோ, மறுபடி முகம். அந்த இரண்டாவது முகத்துக்கு 'சபாஷ்' சொன்னேன். இப்போது குக்கர் விசில் அடித்தால் காது மட்டும் திரும்புகிறது, கண் என்மேல்தான். வீட்டில் எல்லாருக்கும் 'வா' மட்டும்தான் என்று ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டுக்காரரும் மாறிவிட்டார். பால்கனியில் மட்டும் காக்கா வந்தால் இன்னும் போய்விடுகிறாள்.

ராஜபாளையத்தான்
சந்தோஷம் தங்கச்சி. பீரோ இல்லாத இடத்தில், மாடிப்படியில் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள், வந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன்.

பொம்மி வீடு
நாளைக் காலை ஹார்னஸோடு படிக்கட்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் அண்ணா.